போகர்: விஷத்தை மருந்தாக்கிய சித்தரா, உலகின் முதல் நானோ விஞ்ஞானியா?

பழனி முருகன் சிலை நவபாஷாணத்தால் ஆனது. அதைச் செய்தவர் போகர். இன்றைய நானோ டெக்னாலஜியை அப்பவே கரைச்சுக் குடிச்சவர் அவர். இந்த மூன்று வரியும் இல்லாத சித்தர் ரீல்ஸைப் பார்ப்பது கஷ்டம். பல நேரம் அதே ரீல்ஸுக்குக் கீழே ‘ஒரிஜினல் நவபாஷாண மணி’ விற்கும் லிங்க்கும் இருக்கும்.

ஒரு பக்கம் எல்லாமே நம் முன்னோர் அறிவியல் என்று ஃபார்வர்டு செய்கிறவர்கள். இன்னொரு பக்கம் எல்லாமே கட்டுக்கதை என்று ஒரே வரியில் முடிக்கிறவர்கள். நடுவில் இருப்பது உண்மையிலேயே சுவாரசியமான ஒரு மனிதரின் கதை. உலோகத்தை இலைச்சாற்றோடு சேர்த்து அரைத்தால் என்ன ஆகும் என்ற கேள்வியும் அந்தக் கதைக்குள் இருக்கிறது. இன்றைய ஆய்வகங்களில் ‘பசுமை முறை நானோ துகள் தயாரிப்பு’ என்ற பெயரில் நடக்கும் வேலைக்குப் பக்கத்தில் வரும் கேள்வி அது.

யார் இந்தப் போகர்? அவர் செய்ததாகச் சொல்லப்படுவதில் அறிவியல் எவ்வளவு? நாம் எதில் உஷாராக இருக்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

போகர் எங்கிருந்து வந்தார்?

தமிழ் மரபு சொல்லும் பதினெண் சித்தர்களில் ஒருவர் போகர். போகநாதர் என்றும் அழைப்பார்கள். குரு பரம்பரை இப்படிப் போகும்: திருமூலர், அவர் சீடர் காலாங்கிநாதர், அவர் சீடர் போகர், போகரின் சீடர் புலிப்பாணி.

இதில் காலாங்கிநாதரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இடம் சேலத்துக்குப் பக்கத்தில் உள்ள கஞ்சமலை. அங்கே இன்றும் சித்தர் கோயில் இருக்கிறது. அந்த மலை இரும்புத் தாதுக்குப் பேர்போனது. உலோகத்தைப் பேசும் ஒரு சித்தர் பரம்பரை, தாது கிடைக்கும் மலையோடு இணைத்துப் பேசப்படுவதைக் கவனியுங்கள்.

பிறப்பைப் பற்றி ஒரே கதை கிடையாது. பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்தவர் என்று சொல்பவர்கள் உண்டு. சீனாவில் குயவராக இருந்து இங்கே வந்தவர் என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டு கதையிலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: நெருப்பும் மூசையும் சூளையும். போகரைப் பற்றி யார் கதை சொன்னாலும், அவரை உலை பக்கத்தில்தான் உட்கார வைக்கிறார்கள்.

சீனா கதை நிஜமா?

காலாங்கிநாதர் சீனாவில் இருந்தார், குருவைத் தேடிப் போகரும் அங்கே போனார், சீன மக்களுக்கு யோகமும் மருத்துவமும் சொல்லிக்கொடுத்தார், பிறகு தமிழ்நாட்டுக்குத் திரும்பினார் என்பது மரபுக் கதை. வாயில் ரசமணியை அடக்கிக்கொண்டு வானத்தில் பறந்து போனார் என்றும் கதை உண்டு. ரசமணி என்றால் பாதரசத்தைக் கட்டி உருண்டையாக்கியது.

பறந்தது இருக்கட்டும். தமிழ்நாட்டுக்கும் சீனாவுக்கும் தொடர்பு இருந்ததா? நிச்சயமாக இருந்தது. சீனத்தின் சுவான்சௌ துறைமுக நகரத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. தமிழ் வணிகர்கள் அங்கே சிவன் கோயில் வைத்திருந்ததற்கான ஆதாரம் அது. நம் நாட்டு மருந்துக் கடையில் படிகாரத்துக்கு இன்னொரு பெயர் சீனக்காரம். அந்தப் பெயரிலேயே சீனா இருக்கிறது.

இன்னொரு விஷயம். இந்தியாவில் சொல்லிக்கொள்ளும்படி பாதரசச் சுரங்கம் கிடையாது. சித்த மருத்துவத்திலோ பாதரசமும் அதன் தாதுவான சாதிலிங்கமும் இல்லாமல் வேலையே ஓடாது. கடல் தாண்டி வந்த சரக்கோடு, அதைப் பக்குவம் செய்யும் அறிவும் சேர்ந்து வந்திருக்க வாய்ப்பு உண்டு. அறிவு இங்கிருந்து அங்கே போயிருக்கவும் வாய்ப்பு உண்டு.

கதைகளும் அப்படிப் பயணித்திருக்கின்றன. சுமார் 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீன ரசவாதி வேய் போ-யாங் பற்றி ஒரு பழைய கதை இருக்கிறது. சாகாவரம் தரும் மாத்திரையைச் செய்து, முதலில் நாய்க்குக் கொடுக்கிறார். நாய் செத்து விழுகிறது. பிறகு தானே விழுங்கி விழுகிறார். குருவை நம்பிய ஒரு சீடனும் விழுங்கி விழுகிறான். மற்ற இரண்டு சீடர்கள் பயந்து, அடக்கத்துக்கு ஏற்பாடு செய்யக் கிளம்பிப் போனதும், செத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள். இதே கதை இன்று போகர் பெயரிலும் சொல்லப்படுகிறது. போகரும் போ-யாங்கும் ஒருவரே என்று வாதிடுபவர்கள் இதைத்தான் காட்டுகிறார்கள். பெயர் ஒற்றுமையும் கதை ஒற்றுமையும் இருவரும் ஒரே ஆள் என்பதற்குச் சான்று ஆகாது. ஆனால் இரண்டு நாட்டு ரசவாதிகளுக்கும் ஒரே கவலை இருந்தது என்பதற்கு இந்தக் கதை நல்ல சாட்சி: இந்த மருந்து கொல்லுமா, காப்பாற்றுமா?

எந்தக் காலத்தவர்?

கி.மு. 3000 தொடங்கி சில நூறு ஆண்டுகளுக்கு முன்பு வரை, இணையத்தில் எந்தத் தேதி வேண்டுமானாலும் கிடைக்கும். போகர் பெயரில் வழங்கும் நூல்கள் பல. போகர் ஏழாயிரம், போகர் நிகண்டு, ஜெனன சாகரம் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். இவை ஓலைச்சுவடிகளில் கைமாறிக் கைமாறி வந்து, அச்சு வந்த பிறகு புத்தகமானவை. நாம் இப்போது படிக்கும் பாடல்களின் நடையும் சொற்களும் சங்க காலத்தவை அல்ல, மிகவும் பிற்காலத்தவை என்பது மொழி ஆய்வாளர்கள் கருத்து.

ஒரே பெயரில் பல தலைமுறைச் சித்தர்கள் எழுதியிருக்கலாம். குருவின் பெயரில் சீடர்கள் பாடுவது அந்தக் காலத்து வழக்கம். சிம்பிளாகச் சொன்னால், போகர் என்பது ஒரு தனி மனிதரின் பெயராகவும் ஒரு நீண்ட பட்டறையின் பெயராகவும் இருக்கலாம்.

பழனிக்கும் கொடைக்கானல் மேல்மலைக்கும் என்ன தொடர்பு?

பல ஊர் சுற்றிய போகர் கடைசியில் தங்கியது பழனி மலையில் என்கிறது மரபு. பழனி ஊருக்குத் தெற்கே எழும் மலைத்தொடர்தான் கொடைக்கானல் வரை நீள்கிறது. கொடைக்கானலில் இருந்து மேற்கே போனால் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை, போளூர் என மேல்மலை கிராமங்கள் வரும். இது திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூர் இல்லை, அதே பெயர் கொண்ட மலைக் கிராமம்.

பூம்பாறையில் உள்ள குழந்தை வேலப்பர் சிலையும் போகர் செய்த நவபாஷாணச் சிலை என்றே அங்குள்ள மக்கள் நம்புகிறார்கள். மேல்மலைக்காரர்களுக்குப் போகர் வெறும் புத்தகச் சித்தர் இல்லை, பக்கத்து ஊர்க் கோயிலின் ஆள்.

இந்த மலையைச் சித்தர்கள் ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு பெரிய மர்மம் தேவையில்லை. அடிவாரத்தில் வறண்ட காட்டு மூலிகைகள், மேலே குளிர்ந்த சோலைக்காட்டுச் செடிகள் என ஒரே மலைத்தொடரில் பல வகைத் தாவரங்கள் கிடைக்கும். உலோகத்தை மருந்தாக்க நினைப்பவருக்கு உலையைவிட முக்கியமானது செடி. ஏன் என்பதைக் கொஞ்சம் கழித்துப் பார்ப்போம்.

நவபாஷாணம் என்றால் என்ன?

பாஷாணம் என்றால் நஞ்சு. சித்த மருத்துவம் 64 பாஷாணங்களைச் சொல்கிறது. 32 இயற்கையாகக் கிடைப்பவை, 32 செய்து எடுப்பவை. அதில் ஒன்பதைத் தேர்ந்தெடுத்துக் கட்டியது நவபாஷாணம். எந்த ஒன்பது என்பதில் ஊருக்கு ஊர், நூலுக்கு நூல் பட்டியல் மாறும். அடிக்கடி வரும் பெயர்கள் சிலவற்றை இன்றைய வேதியியலில் சொன்னால் இப்படி இருக்கும்:

• சாதிலிங்கம்: பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சிவப்புத் தாது
• பூரம், வீரம்: பாதரசமும் குளோரினும் சேர்ந்த இரண்டு உப்புகள். இதில் வீரம் கடுமையான விஷம்
• தாளகம், மனோசிலை: ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள், சிவப்புத் தாதுகள்
• வெள்ளைப் பாஷாணம்: ஆர்சனிக் ட்ரையாக்சைடு
• கந்தகம்: தீக்குச்சி, பட்டாசில் இருக்கும் அதே கந்தகம்

மனிதர்களுக்கு வரும் நோய்கள் 4448 என்பது சித்த மருத்துவக் கணக்கு. எல்லோருக்கும் தனித்தனியாக மருந்து கொடுக்க முடியாது. எனவே ஒரு சிலையையே மருந்தாகச் செய்து, அதன் மேல் பட்டு வரும் பாலும் சந்தனமும் மக்களுக்குப் போய்ச் சேரட்டும் என்று போகர் நினைத்தார். இதுதான் கதையின் உயிர். பழனியில் இரவில் சிலைக்குச் சாத்தி, காலையில் எடுத்துக் கொடுக்கும் ராக்காலச் சந்தனத்தைப் பக்தர்கள் பிரசாதமாக மட்டும் பார்ப்பதில்லை, மருந்தாகவும் பார்க்கிறார்கள்.

உலோகம் மருந்தானது எப்படி?

சிலையை விடுங்கள். போகர் பெயரில் உள்ள நூல்களும் பொதுவாகச் சித்த மருத்துவமும் சொல்லும் பற்பம், செந்தூரம் செய்முறை நமக்குத் தெரியும். இன்றும் சித்த மருந்து தயாரிப்பாளர்கள் அதைச் செய்கிறார்கள்.

முதலில் சுத்தி. உலோகத்தைக் காய்ச்சி எண்ணெய், மோர், மூலிகைச் சாறு போன்றவற்றில் முக்கி எடுப்பார்கள். அடுத்தது அரைப்பு. கல்வத்தில் போட்டு, சொல்லப்பட்ட மூலிகைச் சாற்றை விட்டு, சாமக் கணக்கில் அரைப்பார்கள். ஒரு சாமம் என்றால் மூன்று மணி நேரம். பிறகு வில்லை தட்டிக் காயவைத்து, அகலில் வைத்து, இன்னொரு அகலால் மூடி, இடைவெளியைச் சீலைமண் சுற்றி அடைப்பார்கள். கடைசியில் புடம். வறட்டிகளை அடுக்கித் தீ வைப்பது. வறட்டி எண்ணிக்கையை வைத்துப் புடத்துக்குப் பெயர். குக்குடப் புடத்துக்குப் பத்து வறட்டி, கஜபுடத்துக்கு ஆயிரம். தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் வறட்டிதான் வெப்ப அளவு.

ஒரு புடத்தில் முடியாது. திரும்ப அரைப்பு, திரும்ப வில்லை, திரும்பப் புடம். வெள்ளையாக வந்தால் பற்பம், சிவந்து வந்தால் செந்தூரம்.

சரியாக வந்ததா என்று பார்க்கவும் சோதனைகள் உண்டு. தண்ணீரில் தூவினால் மிதக்க வேண்டும். விரலில் தேய்த்தால் ரேகைக்குள் புக வேண்டும். உலோகப் பளபளப்பு துளியும் இருக்கக் கூடாது. அதாவது, மைக்ரோஸ்கோப் இல்லாத ஒரு சமூகம் தூளின் நுண்மையைக் கண்ணாலும் விரலாலும் அளக்க முயன்றிருக்கிறது. போகர் பரம்பரைக்கு நாம் கொடுக்க வேண்டிய உண்மையான பாராட்டு இது.

இதில் நானோ எங்கே வருகிறது?

ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் வரை உள்ளதை நானோ துகள் என்கிறார்கள். இந்த அளவுக்கு வந்தால் பொருளின் குணமே மாறும். தங்கம் மஞ்சளாக இருக்காது, தண்ணீரில் கலந்தால் ஒயின் சிவப்பாகத் தெரியும். 1857-லேயே மைக்கேல் ஃபாரடே லண்டனில் இப்படிச் சிவப்புத் தங்கக் கரைசலைச் செய்து, நிறத்துக்குக் காரணம் துகளின் சிறிய அளவுதான் என்று விளக்கப் பார்த்தார்.

நம் தங்க பஸ்பத்தை நவீனக் கருவிகளில் வைத்துப் பார்த்த ஆய்வு 2007-ல் வெளியானது. அதில் இருந்த தங்கத் துகள்களின் சராசரி அளவு சுமார் 57 நானோமீட்டர். ஆக, பழைய முறையில் நானோ அளவுத் துகள்கள் உருவாகலாம் என்பது கட்டுக்கதை இல்லை.

ஆனா, நானோ துகள் உருவாவது ஒன்று, அதைத் தெரிந்து, அளந்து, வேண்டிய அளவில் செய்வது வேறு. அடுப்புப் புகைக்கரியிலும் நானோ துகள் உண்டு. அதற்காக நம் பாட்டியை நானோ விஞ்ஞானி என்று யாரும் சொல்வதில்லை.

பசுமை முறை என்பது என்ன?

வேதியியல் ஆய்வகத்தில் வெள்ளி நானோ துகள் செய்ய வழக்கமாகக் கடுமையான ரசாயனங்கள் சிலவற்றைச் சேர்க்க வேண்டும். வெள்ளி நைட்ரேட் போன்ற உப்பைத் தண்ணீரில் கரைத்தால், அதில் வெள்ளி மின்னூட்டத்தோடு தனித்தனி அயனியாக இருக்கும். அதற்கு எலக்ட்ரான் கொடுத்தால்தான் அது உலோக வெள்ளியாக மாறி, துகளாகச் சேரும்.

அந்த எலக்ட்ரானை ஒரு இலைச்சாறே கொடுத்துவிட்டால்? இலையில் உள்ள ஃபீனால்கள், ஃபிளாவனாய்டுகள், சர்க்கரைகள், புரதங்கள் இதைச் செய்யும். இதோடு வேலை முடியவில்லை. உருவான துகளைச் சுற்றி அவை ஒரு மெல்லிய போர்வை போல ஒட்டிக்கொள்ளும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகாமல் அந்தப் போர்வை தடுக்கும். எலக்ட்ரான் கொடுப்பதும் போர்வை போர்த்துவதும் ஒரே சாறு. வெளிறிய கரைசல் மெல்ல மெல்லப் பழுப்பாக மாறினால் வெள்ளித் துகள் வந்துவிட்டது என்று அர்த்தம். உலை வேண்டாம், பல நேரம் அறை வெப்பமே போதும்.

இதில் இந்தியாவின் பங்கு பெரியது. 2002-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் உயிருள்ள குதிரை மசால் செடிக்குள் தங்க நானோ துகள்கள் உருவாவதைக் காட்டினார்கள். அடுத்த இரண்டே ஆண்டுகளில் புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரி குழு ஜெரேனியம் இலை, வேப்பிலை, எலுமிச்சைப் புல் என்று வரிசையாகச் செய்து காட்டியது. எலுமிச்சைப் புல் சாற்றில் முக்கோண வடிவத் தங்கத் துகள்களே வந்தன. அதன் பிறகு தமிழ்நாட்டுக் கல்லூரி ஆய்வகங்களில் துளசி, கற்றாழை, கீழாநெல்லி என்று கைக்குக் கிடைத்த இலையெல்லாம் பீக்கருக்குள் போனது.

பூண்டும் போனது. மேல்மலையில் விளையும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூண்டின் காட்டமான வாசனைக்குக் காரணம் அதில் உள்ள கந்தகச் சேர்மங்கள். வெள்ளியோடு நன்றாக ஒட்டிக்கொள்வது கந்தகத்தின் இயல்பு. அதனால் பூண்டுச் சாற்றை வைத்து வெள்ளி நானோ துகள் செய்த ஆய்வுகள் பல நாடுகளில் வந்திருக்கின்றன. போகரின் ஒன்பதில் ஒன்றான கந்தகம், வேறு உருவத்தில், பூண்டுக்குள்ளும் இருக்கிறது.

அப்போ போகர் செய்ததும் இதுவும் ஒண்ணா?

இல்லை. ரெண்டுக்கும் ஒற்றுமை உண்டு: உலோகம், மூலிகைச் சாறு, நுண்மை. செடியை மாற்றினால் விளைவு மாறும் என்பதும் ரெண்டு பேருக்கும் தெரியும். சித்தர்களுக்கு உலையைவிடச் செடி முக்கியம் என்று சொன்னது இதனால்தான்.

ஆனா வழி நேரெதிர். புடம் என்பது பெரிய உலோகத் துண்டை அரைத்தும் எரித்தும் சிறிதாக்குவது. அந்தத் தீயில் சாற்றின் பெரும்பகுதி கருகிப் போகும். பசுமை முறையோ தனித்தனி அணுக்களைச் சேர்த்துச் சேர்த்துத் துகளை வளர்ப்பது. இங்கே சாறு உயிரோடு இருக்க வேண்டும். நோக்கமும் வேறு. போகர் தேடியது காயகல்பம், அழியாத உடல். இன்றைய ஆய்வகம் தேடுவது கிருமியைக் கொல்லும் காயத்துணி, கொசுப்புழு மருந்து, குடிநீர் வடிகட்டி.

பசுமை முறையும் குறையில்லாதது இல்லை. ஒரே செடியின் இலை மழைக்காலத்தில் ஒரு மாதிரி, கோடையில் ஒரு மாதிரி. போளூரில் விளைந்த பூண்டும் சந்தையில் வாங்கிய வேறு ஊர்ப் பூண்டும் ஒரே துகளைத் தரும் என்ற உத்தரவாதம் கிடையாது. ஒவ்வொரு முறையும் ஒரே அளவில், ஒரே வடிவில் வரவைப்பதுதான் இந்தத் துறையின் பெரிய தலைவலி. இலையில் செய்ததாலேயே துகள் பாதுகாப்பானது ஆகிவிடாது. வெள்ளி வெள்ளிதான். ஆற்றில் கலந்தால் மீனுக்கும் நல்ல பாக்டீரியாவுக்கும் கேடு. அளவுக்கு மீறி உடம்பில் சேர்ந்தால் தோல் நீலச் சாம்பல் நிறமாகி, அப்படியே நின்றுவிடும்.

விஷம் எப்போது மருந்தாகும்?

போகர் கதையில் உண்மையில் சிக்கலான கேள்வி இதுதான். இதற்கு மிகச் சிறந்த பதில் வெள்ளைப் பாஷாணத்திடம் இருக்கிறது.

சீனப் பாரம்பரிய மருத்துவமும் ஆர்சனிக்கைப் பயன்படுத்தியது. 1970-களில் சீனாவின் ஹார்பின் நகர மருத்துவர்கள், ஒரு நாட்டு மருந்தில் வேலை செய்வது எது என்று பிரித்துப் பார்த்தார்கள். வந்தது ஆர்சனிக் ட்ரையாக்சைடு, அதாவது நம்ம வெள்ளைப் பாஷாணம். எந்த நோய்க்கு, எவ்வளவு, எத்தனை நாள், பக்கவிளைவு என்ன என்று அளந்தார்கள். ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு அது அருமையாக வேலை செய்தது. 2000-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. இன்று அந்த நோய்க்கான முக்கிய மருந்துகளில் ஒன்று அது. விஷத்தை மருந்தாக்கலாம் என்று ரசவாதிகள் கண்ட கனவு பலித்தது. பலிக்க வைத்தது அளவு.

அளக்காவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவின் பாஸ்டனில் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதப் பொருட்களைச் சோதித்து 2004-ல் ஒரு ஆய்வு வந்தது. 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக்கில் ஏதாவது ஒன்று இருந்தது. 2008-ல் இணையத்தில் வாங்கிய 193 பொருட்களைச் சோதித்தபோதும் ஐந்தில் ஒன்றில் அப்படித்தான். அவை சித்த மருந்துகள் அல்ல. ஆனால் இணையத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதன் ஆபத்து எல்லாவற்றுக்கும் பொது.

பாதரசம் என்றால் என்ன என்று கொடைக்கானலுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அங்கே இயங்கிய இந்துஸ்தான் யூனிலீவரின் தெர்மாமீட்டர் ஆலை, பாதரசக் கழிவு வெளியே போன விவகாரத்தில் 2001-ல் மூடப்பட்டது. உடல்நலப் பாதிப்புக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2016-ல் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டது. மண்ணைச் சுத்தம் செய்வது பற்றிய வாதம் அதன் பிறகும் ஓயவில்லை. போகர் பாதரசத்தைக் கட்டியதாகச் சொல்லப்படும் அதே மலைத்தொடரில், கட்டாமல் விட்ட பாதரசம் செய்த வேலை இது.

போகருக்குக் கடைசியில் என்ன ஆனது?

பழனி மலைக்கோயிலின் தென்மேற்குப் பிரகாரத்தில் போகர் சமாதி இருக்கிறது. அவர் வழிபட்டதாகச் சொல்லப்படும் புவனேஸ்வரி அம்மனும் மரகத லிங்கமும் அங்கே பூஜையில் உள்ளன. பூமிக்கு அடியில் அவர் இன்னும் தவத்தில் இருக்கிறார் என்பது பக்தர்கள் நம்பிக்கை.

சிலைக்கான பூஜை அவருடைய சீடர் புலிப்பாணியிடம் போனது. புலிப்பாணி வழியினர் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்த அந்தப் பூஜை, திருமலை நாயக்கரின் தளபதி ராமப்பய்யன் காலத்தில், அதாவது 17-ஆம் நூற்றாண்டில், குருக்கள்மாருக்கு மாறியது என்பது கோயில் வரலாறு. புலிப்பாணி ஆசிரமம் பழனியில் இன்றும் இருக்கிறது, போகர் சமாதி பூஜை அவர்கள் வசம்.

சிலையின் கதை அதோடு முடியவில்லை. காலங்காலமாக நடந்த அபிஷேகத்தில் சிலை தேய்ந்துவிட்டது என்ற கவலை எழுந்து, அபிஷேகங்கள் குறைக்கப்பட்டன. 2004-ல் மூலவருக்கு முன்னால் புதிதாக ஒரு ஐம்பொன் சிலை வைக்கப்பட்டது. பக்தர்கள் எதிர்ப்பால் அதே ஆண்டு அகற்றப்பட்டது. 2018-ல் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு போலீஸார் அந்தப் புதுச் சிலை விவகாரத்தை விசாரித்துக் கைது நடவடிக்கையும் எடுத்தார்கள். போகர் காலம் எதுவாக இருந்தாலும், அவர் பெயர் இன்றைய போலீஸ் ஃபைல் வரை வந்துவிட்டது.

சரி, நாம் என்ன செய்யலாம்?

சித்த மருந்து எடுத்துக்கொள்வது தவறில்லை. ஆனால் பற்பம், செந்தூரம் என்றால் பதிவு பெற்ற சித்த மருத்துவர் எழுதிக் கொடுத்ததை, உரிம எண் உள்ள தயாரிப்பாளரிடம் இருந்து, சொன்ன அளவில் மட்டும். பாஷாணம் சேர்ந்த மருந்துகளை மருத்துவக் கண்காணிப்பில்தான் எடுக்க வேண்டும் என்று நம் நாட்டு மருந்துச் சட்ட விதிகளே சொல்கின்றன. சந்தேகம் என்றால் சென்னை தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற அரசு இடங்களில் கேட்கலாம்.

நவபாஷாண மணியைத் தண்ணீரில் ஊறவைத்துக் குடிக்கச் சொல்லும் ரீல்ஸை மட்டும் தாண்டிப் போய்விடுங்கள். அது போலியாக இருந்தால் உங்கள் காசு வேஸ்ட். நிஜமாகவே பாஷாணமாக இருந்தால் அதைவிட மோசம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உள்ள வீட்டில் இதில் விளையாட்டே வேண்டாம்.

போகர் நானோ விஞ்ஞானியா என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். அவர் பெயரில் வந்த மரபு, பொருளின் உருவத்தை மாற்றினால் அதன் குணம் மாறும் என்பதைக் கவனித்தது. செடியின் துணையோடு அதைச் செய்யப் பார்த்தது. எதை, எவ்வளவு, யாருக்கு என்று எண்ணால் அளக்கும் கருவி அதனிடம் இல்லை. அந்த மிச்ச வேலையை இன்றைய ஆய்வகங்கள் செய்கின்றன.

2013-ல் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள், இறால், நண்டு ஓடுகளில் இருந்து கிடைக்கும் கைட்டோசானை வைத்து, தண்ணீரிலேயே, அறை வெப்பத்துக்கு அருகில் ஒரு நானோ கலவையைச் செய்தார்கள். அதில் பதிந்த வெள்ளித் துகள்கள் குடிநீரில் உள்ள கிருமிகளைக் கொல்லும். அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு கலவை தண்ணீரில் கலந்த ஆர்சனிக்கைப் பிடித்து நிறுத்தும். ஒரு நஞ்சை மக்களுக்கு ஆகாத இடத்திலிருந்து அகற்றுவதும் மருத்துவம்தான். எல்லோருக்கும் போய்ச் சேரும் மருந்து என்று போகர் பெயரில் சொல்லப்படும் ஆசைக்கு இன்றைக்கு மிக நெருக்கமாக இருப்பது, கழுத்தில் தொங்கும் மணி இல்லை, சோதித்துப் பார்த்த அந்தக் குடம் தண்ணீர்.